மகன் முதுகில் வைத்த கை

1

இன்று காலை எங்கள் தெருமுனையில் மறுபடியும் சாலையை மறித்துவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி நடக்கும். பக்கத்து ஊர் ஏரியில் விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பேர் குதித்து கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீந்துவார்கள். கரையேறியதும் சைக்கிளில் நூற்றெண்பது கிலோமீட்டர். அதையும் முடித்தபின், ஏதோ அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் மாதிரி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். கூலி கிடையாது. நாம்தான் காசு கட்ட வேண்டும். ஓசூரில் போய் இதைச் சொன்னால் ஆளைப் பிடித்து உட்காரவைத்து வேப்பிலை அடிப்பார்கள்.

போன வருடம் இந்தப் பந்தயத்தில் நானும் இருந்தேன். என் மகன் முரளியும் இருந்தான். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “அப்பனும் புள்ளையும் ஒண்ணா ஓடுனீங்களாமே, யாரு ஜெயிச்சது?” நான் சிரித்து மழுப்பிவிடுவேன். என் மனைவி சாந்தாவுக்கு மழுப்பத் தெரியாது. எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

இந்த வருடமும் யாராவது கேட்பார்கள். அதற்குள் ஒரு தடவை முழுசாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷமான விஷயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவன் பனியையும் ரயிலையும் பற்றி எழுதுவான் என்று எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து கிரைண்டிங் மிஷின்கள் வந்தன. அவற்றைப் பூட்டிக் காட்ட வந்த இன்ஜினியரோடு ஆறேழு மாதம் கூடவே நின்றேன். பிறகு பயிற்சி என்று சொல்லி என்னை இங்கே அனுப்பினார்கள். பயிற்சி முடிந்ததும் இந்த ஊர் கம்பெனியே வேலை கொடுத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. ஓசூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் கெலமங்கலத்தில் விட்டுவந்த முரளிக்கு அப்போது ஏழு வயது.

அவனையும் சாந்தாவையும் அழைத்துவர இரண்டு வருடம் ஆனது. பணமோ சட்டமோ தடை இல்லை. எங்கள் பெயர்கள்தான் தடை. என் பெயர் கோவிந்தன். அப்பா முனுசாமி. ஊரில் மு. கோவிந்தன் என்றால் முடிந்தது. இங்கே அந்த ஒற்றை எழுத்து முழு ஆளாக எழுந்து குடும்பப் பெயர் என்ற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. காகிதத்தில் நான் திருவாளர் முனுசாமி. என் மகன் கோ. முரளி, அதனால் அவன் திருவாளர் கோவிந்தன்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் எங்கள் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இந்தப் பையன் உங்கள் மகன் என்கிறீர்கள். குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே?”

“அது என் பெயர்தான்.”

“உங்கள் பெயர் முனுசாமி என்று இருக்கிறது.”

“அது என் அப்பா பெயர்.”

“அப்படியானால் இந்தப் பையன் யார்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இரண்டு வருடம். கிருஷ்ணகிரியில் நோட்டரி வக்கீலிடம் மூன்று தடவை உறுதிமொழி வாங்கி, பெங்களூரில் மொழிபெயர்த்து, முத்திரை போதவில்லை என்று திரும்பி வந்து, மறுபடியும் கிருஷ்ணகிரி. சாந்தா ஒருநாள் போனில் சொன்னாள், “என் புள்ள உங்களுக்குத்தான் பொறந்தான்னு ஊரெல்லாம் கையெழுத்து வாங்கறன். மானம் போவுது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் ஒருவனை அவன் அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டையைப் பிடிப்போம். இங்கே அதுதான் மரியாதை. தபால்காரர் முதல் போர்மேன் வரை எல்லாருக்கும் நான் முனுசாமி. முரளியைப் பள்ளியில் வாத்தியார் ‘கோவிந்தன்’ என்று கூப்பிட்டபோது முதல் வாரம் அவன் திரும்பியே பார்க்கவில்லையாம், அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று. பிறகு பழகிவிட்டான். எல்லாவற்றுக்கும் பழகிவிட்டான், அதுதான் பிரச்சினை.

3

பிள்ளைகள் ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் டிபன் பாக்ஸில் தோசை வேண்டாம் என்றான். பிறகு தமிழில் கேட்டதற்கு ஜெர்மனில் பதில் சொன்னான். சாந்தாவின் ஜெர்மன் காய்கறிக் கடையோடு நின்றுவிட்டது. என்னுடையது தொழிற்சாலை ஜெர்மன். திட்டவும் தெரியும், நட்டு போல்ட்டுக்குப் பெயரும் தெரியும். மகனிடம் மனசில் உள்ளதைக் கேட்கிற அளவுக்கு எங்கள் இருவருக்கும் அந்த மொழி வரவில்லை, அவனுக்கோ இந்த மொழி போய்விட்டது. அப்பா என்பது பாப்பா ஆனது. இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் கூப்பிடுகின்றன.

பத்து வயதிலேயே நீச்சல் கிளப்பில் சேர்ந்தான். மீன் குஞ்சுதான். பதினாறில் இந்த மூன்று விளையாட்டுப் பந்தயப் பைத்தியம் பிடித்தது. பதினெட்டில் நண்பர்களோடு தனி அறை எடுத்துக்கொண்டு போனான். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள் நம் பக்கம். இங்கே தோளுக்கு மேல் வளர்ந்தால் வாடகைக்கு அறை பார்த்துவிடுகிறார்கள். சண்டை போட்டுப் போயிருந்தாலாவது சமாதானம் பேசலாம். அவன் அம்மாவைக் கட்டிப்பிடித்து, என் கையைக் குலுக்கி, நன்றி சொல்லிவிட்டுப் போனான். பெற்ற மகன் நன்றி சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அவனோடு பேச வேறு வழியில்லாமல் நான் சைக்கிள் வாங்கினேன். பழைய ரேஸ் சைக்கிள், மெலிந்த டயர், வளைந்த கைப்பிடி. கூடவே உடம்போடு ஒட்டிய கறுப்புக் கால்சட்டை. சாந்தா பார்த்துவிட்டு, “இத்த போட்டுக்கினு தெருவுல போவாதீங்க, அக்கம் பக்கத்துல என்னா நெனப்பாங்க?” என்றாள். அக்கம் பக்கத்தில் எல்லாரும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

முதல் ஞாயிறு முரளி தயவு பார்த்துத்தான் என்னை உடன் வரவிட்டான். ஊருக்கு வெளியே ஒரு நீண்ட ஏற்றம். பாதி ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தால் அவன் எனக்குப் பின்னால் இருந்தான். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான், எங்கே கற்றுக்கொண்டாய் என்று. கெலமங்கலம் ரோடு என்றேன். அன்று அவன் என்னை ஒரு மாதிரி புதுசாகப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் அடுத்த இரண்டு வருடம் ஒரு ஞாயிறும் தவறாமல் போனேன்.

அந்தச் சவாரிகளில்தான் பேசுவான். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல். படிக்க வடக்கே கடற்கரை நகரம் ஒன்றுக்குப் போகப்போவதாகச் சொன்னதும் அப்படித்தான். அங்கே ஒரு பெரிய கிளப் இருக்கிறது, இந்த நீண்ட பந்தயத்தை அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் முடித்துக் காட்டினால் அணியில் சேர்த்துக்கொள்வார்கள், இந்தக் கோடையை விட்டால் பிறகு எடுக்க மாட்டார்கள் என்றான். ரயிலில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும் தூரம். இனி ஞாயிறு கிடையாது என்று எனக்குப் புரிந்தது. அவன் பெயர் கொடுத்த அதே பந்தயத்துக்கு நானும் பெயர் கொடுத்தேன். நான் எந்தக் கிளப்பிலும் இல்லை, தனி ஆள்.

சைக்கிளும் ஓட்டமும் சமாளிக்கலாம். நீச்சல்தான் பயம். நான் நீந்தப் பழகியது எங்கள் ஊர்க் கிணற்றில், தலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை அடித்து. இங்கே நீச்சல் குளத்துப் பயிற்சியாளர் பார்த்துவிட்டு, “நீங்கள் நீந்தவில்லை, தண்ணீரோடு சண்டை போடுகிறீர்கள்” என்றார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண்.

4

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஊரை நினைத்து ஏங்கி எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெலமங்கலத்திலிருந்து ஓசூருக்கு அந்த நாளில் சைக்கிள் மிதித்தவன் எவனும் அந்தச் சாலைக்காக ஏங்க மாட்டான்.

ஷிப்டுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துதான் போவோம். பாதிப் பேர் மதுரைப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் இருந்து வேலைக்கு வந்து எங்கள் ஊரில் வாடகைக்கு இருந்தவர்கள். மீதி நாங்கள், வயல் கூலியிலிருந்து கம்பெனிக்கு மாறிய முதல் தலைமுறை. எதிர்க்காற்று அடிக்கும். ராயக்கோட்டைத் தக்காளி லாரி வந்தால் பின் சங்கிலியைப் பிடித்துக்கொள்வோம். வராத நாளில் ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வோம்.

இரட்டை ஷிப்டு பார்த்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு ஏற்றத்தில் கால் வராது. அப்போது பக்கத்தில் வருகிறவன் ஒரு கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை அவன் முதுகில் வைத்துத் தள்ளுவான். கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். அங்கே வைத்தால்தான் வண்டி ஆடாது. எனக்கு முதலில் அப்படிக் கை வைத்தவர் நாகராஜண்ணன். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவார்.

“ஏய் கோவிந்தா, பெடல் மேல கால மட்டும் வெச்சிரு. மிதிக்காத. நான் பாத்துக்கறன்.”

“வேணாங்கண்ணா, நீங்களும்தான நின்னு வேல செஞ்சீங்க.”

“வாய மூடிக்கினு வாடா.”

வேண்டாம் என்று சொல்வது வழக்கம். சொன்னாலும் விடாமல் தள்ளுவதும் வழக்கம். மேலே போனதும் யாரும் நன்றி சொல்ல மாட்டோம். சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பக்கத்தில் ஒருவன் திணறும்போது கை வைக்காமல் தாண்டிப் போனவனோடு மறுநாள் கேண்டீனில் யாரும் உட்கார மாட்டார்கள். அப்படித்தான் எட்டு வருடம் அந்தச் சாலையில் போய்வந்தேன். என் கை எத்தனை முதுகைத் தள்ளியிருக்கும் என்று எனக்கே தெரியாது.

5

பந்தய நாளன்று ஏரித் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. இறுக்கமான ரப்பர் உடுப்பு போட்டும் பல் கிட்டியது. துப்பாக்கி வெடித்ததும் என்மேல் ஏறி நீந்திப் போனார்கள். யாரோ மூக்கில் உதைத்தார்கள். ஒரு இடத்தில் சத்தியமாகச் செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். கரையேறிப் பார்த்தபோது சைக்கிள் நிறுத்தத்தில் பாதிக்கு மேல் காலி. முரளி எப்போதோ போய்விட்டிருந்தான்.

சைக்கிளில் ஏறியதும் உயிர் வந்தது. ஒரே பாதையை இரண்டு சுற்று. கிராமத்துக்குக் கிராமம் ஜனங்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு கை தட்டினார்கள். முதல் சுற்று முழுக்க ஆட்களைத் தாண்டிக்கொண்டே இருந்தேன். சட்டம் கடுமை. ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓட்டக்கூடாது, ஒருவர் உதவியை இன்னொருவர் வாங்கக்கூடாது, மீறினால் வெளியேற்றம். பந்தயச் சட்டப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்திருந்தேன். எல்லாம் தெரியும். தலைக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியாது என்பது அப்போது தெரியாது.

இரண்டாம் சுற்றில், வெயில் ஏறியபின், அந்த நீண்ட ஏற்றத்தில் முரளியைப் பார்த்தேன். நீலச் சட்டை. சைக்கிள் நேராகப் போகவில்லை, சாலையில் கோணலாக அலைந்தது. குடித்த பானமெல்லாம் சட்டையில் வாந்தியாக வழிந்திருந்தது. இன்னும் நாலு மிதி மிதித்தால் காலை ஊன்றிவிடுவான். ஊன்றினால் அந்த ஏற்றத்தில் மறுபடி ஏற முடியாது.

பக்கத்தில் போனேன். என் கை அவன் முதுகுக்குப் போய்விட்டது. போகட்டுமா என்று என்னைக் கேட்கவில்லை.

சட்டை நனைந்து சூடாக இருந்தது. உள்ளே மூச்சு முட்டி மேலும் கீழும் போவது கையில் தெரிந்தது. அவனைத் தொட்டே இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும், கை குலுக்கியதைத் தவிர. அவன் திரும்பிப் பார்த்தான். கண்ணில் பயம்.

“ப்பா... வேணா... விடுப்பா.”

தமிழில் சொன்னான். பாப்பா இல்லை, ப்பா. இந்த ஊரில் அவன் வாயிலிருந்து அதைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்வது வழக்கம்தானே என்று இன்னும் அழுத்தித் தள்ளினேன். அவன் நிஜமாகவே வேண்டாம் என்கிறான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. “மிதிக்காதடா, நான் பாத்துக்கறன்” என்றேன்.

விசில் சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துவந்த நடுவர் ஒரு பெண்மணி, என் வயது இருக்கும். இருவரையும் ஓரம் கட்டச் சொன்னார். கையில் எண்ணும் குடும்பப் பெயரும் மட்டும் அச்சடித்த தாள் இருந்தது. எங்கள் மார்பில் இருந்த எண்களைப் பார்த்துப் படித்தார்.

“முனுசாமி. கோவிந்தன்.” பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். “அப்பா மகனோ என்று நினைத்தேன்.”

அவர் பொறுமையாகவே விளக்கினார். கெட்ட மனுஷி இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து வந்தவர்களாக இருந்து ஒருவருக்கொருவர் உதவினால் இருவருக்கும் சிவப்பு அட்டை. முன்பின் தெரியாத ஒருவர் தானாக வந்து தள்ளியிருந்தால், தள்ளியவருக்கு மட்டும்தான்.

“நீங்கள் ஒன்றாக வந்தவர்களா?”

எனக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. “இல்லை,” என்றேன். “இவரை எனக்குத் தெரியாது. எங்கள் நாட்டுக்காரர் மாதிரி இருந்தது. சிரமப்படுகிறாரே என்று தள்ளிவிட்டேன். தப்பு என்னுடையது.”

இத்தனை வருடத்தில் ஜெர்மனில் மரியாதைச் சொல்லைச் சரியான இடத்தில் போட எனக்கு வந்ததே இல்லை. முதலாளியை ‘நீ’ என்பேன், நாயை ‘நீங்கள்’ என்பேன். அன்று ஒரு பிழை இல்லாமல் வந்தது.

அவர் முரளியிடம் திரும்பினார். “இவரை உங்களுக்குத் தெரியுமா?”

முரளி சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு வெளுத்து, முகத்தில் உப்புப் படிந்திருந்தது. தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான், என்னை இல்லை.

“தெரியாது,” என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, “விடச் சொன்னேன். அவர் விடவில்லை” என்றான்.

அது உண்மைதான். அந்தப் பெண்மணி தலையசைத்து அவனைப் போகச் சொன்னார். ஏற்றம் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம்தான் இருந்தது. காலூன்றி நின்ற அந்தச் சில நிமிடத்தில் அவனுக்கும் மூச்சு திரும்பியிருந்தது. எழுந்து நின்று மிதித்தான். நான் எண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். அங்கேயும் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எனக்கு ஒரு பீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

6

பாதியில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேனில் என்னை முடிவுக்கோட்டு மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். சாந்தா எலுமிச்சம் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தாள். இந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓடி வருகிறவனோடு கடைசிக் கொஞ்ச தூரம் வீட்டு ஆட்கள் உள்ளே போய்க் கைகோத்து வரலாம். அதற்காக அவள் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். “நீ மட்டும் போ. நான் உள்ள வந்தன்னா அவன் பந்தயம் போயிடும்.”

“பெத்தவன்னு சொன்னா என்னா, கழுத்தயா அறுத்துருவாங்க?”

“அவனையும் வெளிய அனுப்பிருவாங்க சாந்தா. நான் தெரியாதுன்னு சொல்லிட்டன்.”

“அவன் என்னா சொன்னான்?”

அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். தூக்கை என் கையில் கொடுத்தாள். “ரெண்டு வருசம் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் அலைஞ்சன்,” என்றாள். “அது பொய்யின்னு ரெண்டு பேரும் ஒரு நிமிசத்துல சொல்லிட்டு வந்துட்டீங்க.” புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தடுப்புக்கு உள்ளே போனாள்.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். அந்த நடுவர் பெண்மணி கையில் காபியோடு என்னைத் தாண்டிப் போனவர் நின்று, “வருத்தமாக இருக்கிறது. சைக்கிளில் நீங்கள் நல்ல பலம்” என்றார். நன்றி சொன்னேன். எங்கே போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் நகரவில்லை, அங்கேயே நின்று பார்க்க ஆரம்பித்தார்.

முரளி நொண்டிக்கொண்டுதான் வந்தான். ஆனாலும் ஓடி வந்தான். கிளப்பு கேட்ட நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் உற்சாகமாகக் கத்தினார். “கோவிந்தன்! இதோ வருகிறார் கோவிந்தன்!” கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். என் தோளில் இடித்துக்கொண்டு நின்ற ஒரு பையன் என் பெயரைச் சொல்லிக் குதித்தான். அந்தப் பெண்மணியும் கை தட்டினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லாரும் தட்டும்போது தட்டாமல் நின்றால் நன்றாக இருக்காது என்று நானும் தட்டினேன்.

சாந்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். கோட்டைத் தாண்டியதும் அவன் அவள் தோளில் விழுந்தான். பட்டுப்புடவை முழுக்க அழுக்கு. அவன் என்னைத் தேடுகிறானா என்று பார்த்தேன். தேடவில்லை. களைப்பு என்று வைத்துக்கொண்டேன். எலுமிச்சம் சோற்றை அன்று யாரும் சாப்பிடவில்லை.

7

வடக்கத்திக் கிளப்பு அவனை எடுத்துக்கொண்டது. நல்ல செய்திதான். எதற்காக அவன் அந்த ஏற்றத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு மிதித்தானோ அது கிடைத்தது. எதற்காக நான் பேசினேனோ அதுவும் கிடைத்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சாந்தா ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அதட்டினேன். என் மகன் கல் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சிரமம் இல்லை.

அந்த மாதக் கடைசியில் எங்கள் கட்டடத்துக் கீழறையில் போட்டுவைத்திருந்த தன் சாமான்களை எடுத்துப்போக வந்தான். நண்பனிடம் காரைக் கடன் வாங்கி வந்திருந்தான். சாந்தா ஊறுகாய் பாட்டில் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டான். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

கீழறையில் நானும் அவனும் மட்டும். புத்தகப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். நானே ஆரம்பித்தேன்.

“முரளி, அன்னிக்கி நான் சொன்னத மனசுல வெச்சிக்காதடா. உன் பந்தயம் போயிடுமேன்னுதான் சொன்னன்.”

“தெரியும்ப்பா.”

“நீ சொன்னதுலயும் எனக்கு வருத்தமில்ல. நான் சொன்னதுக்கு அப்புறம் நீ வேற என்னா சொல்ல முடியும்? உனக்குத்தான் சொல்றப்ப கஷ்டமா இருந்திருக்கும்.”

அவன் முடிச்சுப் போடுவதை நிறுத்தினான். ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போவான் என்று நினைத்தேன். ஆனால் தமிழில்தான் சொன்னான், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

“கஷ்டமா இல்லப்பா. அந்த அம்மா கேட்டாங்க. நான் சொன்னேன். அப்ப எனக்குப் பொய் சொல்ற மாதிரியே இல்ல.” கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். “அத நெனச்சா தூக்கம் வரல.”

அழுதான். சின்ன வயதில் அழுத மாதிரி வாயைத் திறந்து, சத்தமில்லாமல்.

அவனுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. அந்தப் பெண்மணி என்னைக் கேட்டபோது எனக்கும் கஷ்டமாக இல்லை. மகனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நானும் அன்று உண்மையைத்தான் சொல்லியிருந்தேன். அவன் இரவில் எதற்கு விழித்துக்கொள்கிறான், யாரோடு சிரிக்கிறான், எதற்குப் பயப்படுகிறான், ஒன்றும் எனக்குத் தெரியாது. எத்தனையோ வருடமாகத் தெரியாது.

அதை அவனிடம் சொல்லியிருந்தால் அவனுக்குப் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். சொல்லவில்லை. மேலே சாந்தா சாப்பிடக் கூப்பிட்டாள். “போடா, மூஞ்ச கழுவிக்கினு வா,” என்று சொல்லிவிட்டு, கட்டி முடித்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் படியேறினேன்.